ஒரு பக்கம் எரிந்த அடுப்பு

எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் பெரிய பர்னர் ஒரு பக்கம் மட்டுமே எரிந்தது. தோசை பாதி கருகியது, பாதி வேகவே இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிடுகிறவர் என் கணவர். பொங்கி வழிந்த பால்தான் ஓட்டைகளை அடைத்துவிட்டது என்று ஒரு மாதமாக அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து அடுப்பு ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி வந்தார். பர்னரைக் கழற்றி, ஓட்டைகளை ஊசியால் குத்தி, ஒரு பழைய பேப்பரில் தட்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தார்.

"பால் அடைச்சா கறுப்பால்லா இருக்கும்மா. இது திருநீறுல்லா!"

வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பைப் பளபளவென்று துடைத்து, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, பர்னரில் பட்டை போடுகிறவள் நான். என் பிறந்த வீட்டுப் பழக்கம் அது. அப்போதும் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை துடைத்து முடித்துத் திரும்பினேன். திருநீற்றுக் கிண்ணத்தோடு நின்ற கணவர், குனிந்து நெற்றியைக் காட்டினார்.

"இனி இங்கன பூசு. இதுல ஓட்டை கிடையாது."