பெயர் மாட்டுகிற வாத்தியார்

ஜன்னல் விளிம்பில் ஓர் இரும்பு அடுப்பை இறக்கி வைக்கிறார். மேடைப் படியில் ஒரு பாறாங்கல்லை உருட்டி விடுகிறார். பெரிய விளக்கிலிருந்து பூத்த ஆப்பிள் கிளை ஒன்றைத் தொங்கவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அடுப்பும் கிடையாது, கல்லும் கிடையாது. விருந்தாளிகள் வருவதற்கு முன்னால், காலி மண்டபத்தில், வெறுங்கையோடு நடக்கிற காரியம் இது.

"என்ன பண்ணிட்டிருக்காரு அந்த மனுஷன்?" என்று தட்டு அடுக்குகிற புதிய பெண் கேட்டாள்.

"பேரு மாட்டிட்டிருக்காரு. குறுக்க போகாத, ஏதாவது கீழ விழுந்துடும்" என்றாள் பழைய பெண்.

ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற கராகோல் ஊரில் கல்யாண விருந்துகளை நடத்திக் கொடுக்கிற தமதாக்கள் பலர் உண்டு. பாடத் தெரிந்தவர்கள், கேலி பேசத் தெரிந்தவர்கள். பெயர் மாட்டுகிற இந்த ஜோல்தோஷுக்கு இரண்டும் சுமார்தான். ஆனால் அத்தனை விருந்தாளிகளையும் முறை தப்பாமல், பெயர் தப்பாமல், வாழ்த்துச் சொல்ல எழுப்புவார். அந்த ஊர் மொழியில் தெமிர்பெக் என்ற பெயருக்குள் இரும்பு இருக்கிறது; அதனால் ஜன்னலில் அடுப்பு. தாஷ்தான் என்ற பெயருக்குள் கல் இருக்கிறது. அதனால் படியில் பாறை. விருந்தின் போது கண்ணை மண்டபத்தைச் சுற்றி ஓட்டினால் போதும், பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பகலில் ஆசிரியர் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவர். நினைவு எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதுதான் அவருடைய பாடம்.

வீட்டில் கதை வேறு. மூக்குக்கண்ணாடியை ரொட்டிப் பெட்டியில் தேடுவார். "ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் இவருக்கு அத்துப்படி. சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது" என்பாள் மனைவி சூரா. விருந்துகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசிப்பவள் அவள்தான்.

"அது மறதி இல்ல சூரா. அதை நான் கவனிக்கவே இல்ல. உள்ள போகாதது எப்படி வெளிய வரும்?"

"நான் சொல்றதும் அந்தக் கணக்குலதான் சேர்த்தியா?"

அதோடு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

யாராவது எதையாவது மறந்துவிட்டுத் தவித்தால், "நல்லா யோசி" என்று ஒருபோதும் சொல்ல மாட்டார். "அன்னைக்கு என்ன சாப்பிட்ட? மழை பேஞ்சுதா? எந்தக் கோட்டு போட்டிருந்த?" என்றுதான் கேட்பார். கல்லூரியில் கணக்காளராக இருந்த ஓர் அம்மா சாவியைத் தொலைத்தபோது, அன்று போட்டிருந்த கோட்டையே போட வைத்து, வாசலிலிருந்து மறுபடி நடந்து வரச் சொன்னார். பூந்தொட்டியைத் தாண்டும்போதே அந்த அம்மா "ஐயோ!" என்று மண்ணுக்குள் கையை விட்டார். ஜோல்தோஷ் தானே சாவியைக் கண்டெடுத்ததுபோலக் கைதட்டினார்.

இப்படிப்பட்டவருக்கு ஊல்கான் வீட்டுக் கல்யாணத்தில் நேர்ந்தது ஊர் முழுக்கத் தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா ஊல்கான். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவர் பெய்ஷென், இளையவர் ஷார்ஷென். அப்பா ஏறி வந்த குதிரையை ஷார்ஷென் யாரையும் கேட்காமல் விற்றுவிட்டார் என்று இருவருக்கும் பேச்சு நின்றுபோய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. ஊல்கான் இருவரையும் அழைத்து, எதிரெதிர்க் கோடியில் உட்கார ஏற்பாடு செய்திருந்தாள்.

"வாத்தியாரே, முதல் வாழ்த்து பெரியண்ணன்தான். பேரை மட்டும் மாத்திடாதீங்க. அவரு எந்திரிச்சுப் போயிட்டாருன்னா எங்க அம்மா வீட்டு உறவே போச்சு."

"என்கிட்டயா சொல்றீங்க?" என்று சிரித்தார் ஜோல்தோஷ்.

ஆனால் சிக்கல் பெயர்களிலேயே இருந்தது. ஷார்ஷென் புதன்கிழமை பிறந்தவர், பெய்ஷென் வியாழக்கிழமை பிறந்தவர், பெயருக்கு அர்த்தமே அந்தக் கிழமைதான். கிழமைக்கு ஏது உருவம்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வியாழன் அவர் நீராவிக் குளியலுக்குப் போகிற நாள். ஆகவே பெய்ஷெனுக்கு ஓர் ஈரத்துண்டு. புதன் வகுப்பில்லாத நாள், மெத்தையில் கவிழ்ந்து கிடப்பார். ஆகவே ஷார்ஷெனுக்கு ஒரு மெத்தை. துண்டை வலது தூணிலும் மெத்தையை இடது தூணிலும் மாட்டினார்.

விருந்தாளிகள் வரத் தொடங்கிய நேரத்தில் தெருவின் மின்மாற்றி வெடித்தது. மண்டபம் இருண்டது. கறியையும் நூடுல்ஸையும் ஏரிக்காற்றில் ஆறவிடாமல் தூக்கிக்கொண்டு, அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்துக்கு எல்லாரும் இடம் மாறினார்கள். ஜோல்தோஷ் மாட்டிய அத்தனையும் பழைய மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

அவர் அசரவில்லை. கண்ணை மூடிப் பழைய மண்டபத்துக்குள் ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். அடுப்பு இருந்தது. கல் இருந்தது. துண்டும் இருந்தது. கண்ணைத் திறந்து, மைக்கைப் பிடித்து, மூத்தவரைப் பார்த்தார். பெய்ஷெனை அவர்கள் உட்கார வைத்திருந்த இடத்துக்குப் பின்னால், பிள்ளைகள் குட்டிக்கரணம் போடுகிற மெத்தைகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"மாப்பிள்ளையோட தாய்மாமன், இந்த வீட்டுக்கே மூத்தவர், நம்ம மரியாதைக்குரிய ஷார்ஷென் அவர்களே!"

அக்கார்டியன் பாதியில் நின்றது. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு எழத் தொடங்கிய பெய்ஷென், எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். ஊல்கான் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தப்பு ஜோல்தோஷுக்கு அப்போதுதான் உறைத்தது.

கூடத்தின் மறுகோடியில் வாய் நிறைய ரொட்டியோடு இருந்த ஷார்ஷென், நிதானமாக மென்று விழுங்கி, கையைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தார். மைக்கை வாங்கினார்.

"வாத்தியாரு மூத்தவரைத்தான கூப்பிட்டாரு? பேருலதான் ஒரு நாள் முன்ன பின்ன ஆயிடுச்சு. மூத்தவர் அந்தா இருக்காரு."

சொல்லிவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டு அண்ணனை நோக்கிப் போனார். பள்ளிக்கூடத்து மைக், வயர் பாதி தூரத்தில் விறைத்து நின்றது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கையை நீட்டியபடி அங்கேயே நின்றுவிட்டார்.

பெய்ஷென் வயரைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். வாசலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, மீதித் தூரத்தை அவர் நடந்து வந்தார்.

"ஒரு வயரைக் கூட ஒழுங்கா இழுத்துட்டு வரத் தெரியல. நீ எங்க குதிரையை வித்திருக்கப் போற? அது உன்னை இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார். அது மைக்கில் கேட்டது. கூடம் அதிரச் சிரித்தது. இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வாழ்த்து முடிகிறவரை தம்பியின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

விருந்து முடிந்ததும் ஊல்கான் ஓடி வந்து ஜோல்தோஷின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சேதான செஞ்சீங்க? கெட்டிக்காரர் வாத்தியாரே நீங்க!" இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ கிண்ணத்தை நீட்டினார்கள், குடித்துவிட்டுச் சிரித்தார்.

பனி விழத் தொடங்கியபோது, "அந்தத் தம்பி முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னமோ தோணுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் பனி உருகியபோது, "ஒரு துணிச்சல்ல கூப்பிட்டுட்டேன்" ஆகியிருந்தது. வாதுமை பூத்தபோது, அவர் சொல்கிற கதையில், மைக் வயர் எட்டாது என்பதைக்கூட முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். வகுப்பிலோ, "நினைவு கிடங்குல கிடக்கிற மூட்டை இல்லப்பா. கேக்கிறப்பல்லாம் புதுசா சமைக்கிறோம். கேக்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி உப்பு போடுறோம்" என்று அதே வாயால் நடத்திக்கொண்டிருந்தார்.

"உங்க காது தக்காளி மாதிரி செவந்து போச்சு. பக்கத்துலயே இருந்தவ நான்" என்றாள் சூரா.

"உனக்கு வேற ஏதோ கல்யாணம் ஞாபகம்" என்றார் அவர், சத்தியமாக நம்பி.

கோடையில் ஊல்கான் கல்யாண வீடியோவைக் கொடுத்தனுப்பினாள். சூரா தேநீர் ஊற்றி, பொரித்த ரொட்டித் துண்டுகளைத் தட்டில் கொட்டி, தொலைக்காட்சியில் அதைப் போட்டாள். விளையாட்டுக் கூடம் வந்தது. மெத்தை அடுக்கு வந்தது. மைக்கோடு ஜோல்தோஷ் வந்தார். ஷார்ஷென் என்றார். அடுத்த நொடி திரையில் தெரிந்த மனிதருக்கு வாய் பிளந்திருந்தது. காது இரண்டும் எரிந்தன. ஒரு கை, மூழ்குகிறவன் கட்டையைப் பிடிப்பதுபோலச் சூராவின் அக்கார்டியன் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சூரா அவர் பக்கம் திரும்பாமல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஜோல்தோஷ் சோபாவிலிருந்து இறங்கி, ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்கு ஒரு முழத் தூரத்தில் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சூரா, இன்னொரு தடவை போடு" என்றார்.