கான் ஹொய் வீட்டின் பூட்டிய அறை

சேஷாசலம் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் சைகோனில் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், மறுக்கவில்லை. கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் இருவரும் எதிரெதிர் மேசைக் குமாஸ்தாக்கள். அவர் காரைக்கால், நான் புதுச்சேரி. என் பெயர் ரோஜே. பாலத்தில் லாரி வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். தெருமுனையில் போலீஸ்காரனைக் கண்டால், அவன் கேட்காமலேயே அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய், வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள் என்று யோசனை சொன்ன மகா புத்திசாலி நான்தான்.

அறுபத்தெட்டு மே மாதம், கான் ஹொயில் அவர் சொந்த வீடு இருந்த சந்தில் ஒரு ராக்கெட் விழுந்தது. மூன்றாவது வீடு தரைமட்டம். அவர் மனைவி ஜெயம் அண்ணி, மகள் மீனாட்சியையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு அன்றைக்கே பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார். மாரியம்மன் கோயில் பக்கத்தில் அபுல் ஹசன் பாயின் துணிக்கடைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை கிடைத்தது. இனி அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று அண்ணி ஒரே பிடியாக நின்றார். சோலோனிலிருந்து ஒரு சீன வியாபாரி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னார். நாளைக்கு இதுவும் இருக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"மூணுல ஒரு பங்குக்கா? பைத்தியமா அண்ணே? வாடகைக்கு வுடுங்க. சண்டை என்ன சாவுற வரைக்குமா நடக்கப்போவுது? விலை ஏறுனதும் வித்துட்டு நிம்மதியா ஊர் போய்ச் சேருங்க" என்றேன்.

வருகிறவன் எப்படிப்பட்டவனோ, காலி பண்ண மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாள் புலம்பினார். நான் சிரித்துக்கொண்டே தரகனைப் பிடித்தேன்.

நம் ஆட்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் முழுசாக விட மாட்டார்கள். ஓர் அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வார்கள். அவரும் மாடியில் பின்பக்கத்து அறையைப் பூட்டினார். உள்ளே சாமி படங்கள், பித்தளைப் பாத்திரங்கள், அண்ணியின் சீர்வரிசை. திண்டுக்கல் பூட்டு, சாவி ஒன்றே ஒன்று. சொந்தமாக ஒரு வீட்டில் பால் காய்ச்சும் வரைக்கும் சாமியை ஒண்டுக்குடித்தன அறைக்கு எடுத்து வரக் கூடாது, வெள்ளிக்கிழமை விளக்கும் நிற்கக் கூடாது என்பது அண்ணியின் உத்தரவு. எனவே வெள்ளிதோறும் பன்னிரண்டுக்கு ராகு காலம் முடிந்ததும், கிடங்கின் மத்தியான ஓய்வு நேரத்தில் அவர் போய் ஏற்றி வரவேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டதுமே மூன்று பேர் ஓடிவிட்டார்கள். நான்காவதாக வந்தவள் ஹான். முப்பது வயது இருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை. புருஷன் தெத் புத்தாண்டுப் பண்டிகைச் சண்டையில் செத்துவிட்டான் என்றாள். அந்த அறையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: சாவி யாரிடம் இருக்கும்? என்னிடம் மட்டும்தான் என்றார் சேஷாசலம். உடனே ஆறு மாத வாடகையை எடுத்து வைத்துவிட்டாள்.

"பேரமே பேசலியே ரோஜே. எனக்கென்னமோ வயித்தக் கலக்குது" என்றார் என்னிடம்.

உமக்கு எது கலக்காது என்று அவர் வாயை அடைத்தேன்.

அடுத்து நடந்தது ஏழு வருஷம் கழித்து அவர் வாயால் கேட்டது. இரண்டாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பூட்டைத் திறந்து உள்ளே போனார். விளக்குப் பலகையில் ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை. குனிந்தால், சாமி மேசைக்குக் கீழே, தொங்கிய துணிக்குப் பின்னால் இரண்டு வெறுங்கால்கள். பின்னால் ஓடிவந்த ஹான் அவர் காலில் விழுந்தாள். புருஷன் சாகவில்லை, பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவன், பெயர் வின். கதவின் கீல் வெளிப்பக்கம். சோதனை என்று தெரிந்தால் கீலாணியைக் கழற்றி அவனை உள்ளே விட்டு, திரும்பப் பொருத்திவிடுவாள். பூட்டு பூட்டியபடியே இருக்கும். வெளிநாட்டுக்காரனின் பூட்டு, வீட்டிலிருப்பவளிடம் சாவியும் இல்லை, எந்தப் போலீஸும் சட்டென்று உடைக்க மாட்டான். மற்றவர்கள் ஓடிய அதே அறைக்காகத்தான் அவள் இந்த வீட்டையே எடுத்தாள்.

அவன் அன்றைக்கு உள்ளே இருந்ததற்குக் காரணம், சந்துமுனையில் ஜீப் நின்றதுதான். சேஷாசலம் வெளியே வந்து பூட்டை மாட்டவும், கீழே கதவைத் தட்டவும் சரியாக இருந்தது. வீட்டில் யார் யார் என்ற பட்டியலைச் சரிபார்க்க வந்த இரண்டு போலீஸ்காரர்கள். மூத்தவர் மாடியேறி வந்து பூட்டைப் பார்த்தார். சாவி யாரிடம் என்றார். சாவி சேஷாசலத்தின் உள்ளங்கையில் இருந்தது.

"திற" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம். ஆனால் சாவி உன்னிடம்தானே இருந்தது, உனக்குத் தெரியாமல் எப்படி உள்ளே போனான் என்று கேட்டால்? வீடு போகும், வேலை போகும், ஜெயமும் குழந்தையும் நடுத்தெருவில் நிற்பார்கள். சொன்னாலும் செத்தேன், சொல்லாவிட்டாலும் செத்தேன். இரக்கமெல்லாம் அப்புறம் வந்தது ரோஜே, அப்போது இருந்தது வெறும் பயம் என்றார்.

திறந்தார். "சாமி அறை, செருப்புக் காலோடு வரக் கூடாது" என்று மட்டும் வியத்நாமியில் சொன்னார். உள்ளே போய் விளக்கேற்றினார். மணியை அடித்தார். பதற்றத்தில் தேவைக்கு மேல் கற்பூரத்தைக் கொட்டிவிட்டார், அறை முழுக்கப் புகை. மேசைத்துணி ஒருமுறை அசைந்ததை அவர் பார்த்தார். வாசற்படியில் நின்ற போலீஸ்காரர் இருமிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். சந்தைப் பக்கம் உள்ள மாரியம்மன் கோயில் அம்மன்தானே இது, என் பெண்டாட்டி அங்கேதான் வேண்டிக்கொள்வாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். குங்குமத்தை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு போனார். ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டபிறகுதான் தன் காற்சட்டை நனைந்திருப்பது சேஷாசலத்துக்குத் தெரிந்தது. ஹான் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஓர் ஆள் இதற்கப்புறம் என்ன செய்வான்? மறுநாளே காலி பண்ணச் சொல்லுவான். அவரும் அந்த எண்ணத்தோடுதான் அடுத்த வெள்ளி போனார். விளக்கேற்றினார், வின் ஒரு முழத் தூரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான், சொல்லாமலே திரும்பிவிட்டார். அதற்கடுத்த வெள்ளியும் அதே கதை.

எழுபத்தொன்றில் விலை ஏறிவிட்டது. அதே சோலோன் வியாபாரியை நானே கூட்டிவந்தேன். முழு விலை, அதற்கு மேலும் கொஞ்சம். அண்ணி ஊருக்குக் கட்ட வேண்டிய சாமான்களைக்கூட எண்ண ஆரம்பித்துவிட்டார். வாங்குகிறவர் எல்லா அறையையும் பார்க்கவேண்டும் என்றார். சேஷாசலம் முகம் வெளுத்துப்போய், விற்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். பெண்டாட்டி பிள்ளையை எலிப்பொந்தில் வைத்துக்கொண்டு இன்னும் எவ்வளவுக்குக் காத்திருக்கிறீர், பேராசை பிடித்த மனுஷன் என்று கிடங்கில் எல்லார் முன்னாலும் கத்தினேன். அண்ணி அவரோடு மூன்று மாதம் பேசவில்லை. வின்னைப் பற்றி யாரிடமும் அவர் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட. தெரிந்தால் அவளும் பயப்படுவாளே, ஒருத்தர் பயப்பட்டால் போதாதா என்றார் பின்னால். ஒவ்வொரு வியாழனும் அவருக்குச் சோறு இறங்காது. வயிற்றுப்புண் என்று நான் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

எழுபத்தைந்து ஏப்ரல் முடிந்த அந்த வாரம், வடக்கு ஜெயித்து, வின் ஓடிவந்த பட்டாளமே கலைந்து, ஆட்சி மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் அவர் அறையில் இருந்தேன். தெரு முழுக்கப் புதுச் சிப்பாய்கள். பன்னிரண்டு மணிக்குச் சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கால் வாசலைத் தாண்டவில்லை. இன்றைக்கு வேண்டாம் அண்ணே என்று நானும் பிடித்து உட்காரவைத்தேன்.

இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அண்ணி மீனாட்சியை இழுத்து அணைத்துக்கொண்டார். நான்தான் திறந்தேன். வெளியே ஒரு ஆள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்த முகம், மூக்குக்கண்ணாடி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றான். கான் ஹொயிலிருந்து பாலம் தாண்டி நடந்தே வந்திருக்கிறான். ஏழு வருஷத்தில் அவன் வெளியே வந்து நடந்தது அன்றைக்குத்தானாம்.

சேஷாசலத்தைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது.

"மணி பன்னிரண்டு ஆகியும் நீங்கள் வரவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருந்தது" என்றான்.

சேஷாசலம் அவனை உள்ளே கூட்டி வந்து என் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவருதான் ரோஜே" என்றார். "இவருக்காகத்தான் விக்கல."

எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணி எழுந்துபோய், வந்தவனுக்குச் சோறு போட்டார்.