அம்மா அடுத்த வரியை மறந்த கச்சேரி

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மா உக்ரேனியர்களின் மாண்டலின் குழுவில் சேர்ந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. குழுவில் பாதிப்பேருக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரியவந்தது. இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் அவர்களுடைய தாத்தா பாட்டிமார்.

அம்மா மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவில் மாண்டலின் வாசித்தவர். எங்கள் நகரின் எல்லர்ஸ்லிப் பகுதியில் அவருடன் வேலை செய்த அன்ரி ஒருவர்தான் இந்தக் குழுவின் முதல் மாண்டலின், தனிப்பகுதிகளை வாசிப்பவர். அவர் மட்டும் உக்ரேனிலேயே பிறந்து வளர்ந்து வந்தவர். ஆள் போதவில்லை என்று அம்மாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமைப் பயிற்சிகளுக்கு நானும் போய், கம்பிகள் ஏன் இரட்டை இரட்டையாக இருக்கின்றன, இந்தப் பாட்டு யாருடைய கதை என்று எல்லோரையும் துளைத்தெடுப்பேன்.

கச்சேரி ஒரு ஞாயிறு பிற்பகல் நடந்தது. அம்மாவுக்கும் பூவேலை செய்த சட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதன் கை நீளமாக இருந்ததால் முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். முன்வரிசையில் அப்பா போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பாட்டில் எல்லோரும் நாலு வரி வாசிக்க, அதன்பின் அன்ரி தனியாக வாசிக்கவேண்டும். நாலு வரியும் முடியும் நேரம் அன்ரியின் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். மாண்டலினை நாற்காலியில் வைத்துவிட்டு, பக்கக் கதவால் விறுவிறென்று வெளியே போய்விட்டார்.

குழுவை நடத்தியவரின் கை அந்தரத்தில் நின்றது. அம்மா நாலு வரியையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முடிந்ததும் அம்மா கதவைப் பார்த்தார். திரும்பவும் அதே நாலு வரி. பிறகும் அதே.

"அப்பா, ஏன் அம்மா அதையே வாசிக்கிறா?"

"பேசாமல் இரு பிள்ளை," என்றார் அப்பா. படம் பிடிப்பதை நிறுத்தியிருந்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னுடன் படிக்கும் இரண்டு பிள்ளைகள் பின்வரிசையில் இருந்தார்கள். ஏழாவது தடவை கதவு திறந்தது. மூக்கு சிவந்திருந்த அன்ரி வந்து உட்கார்ந்து, மாண்டலினை எடுத்து, தன் பகுதியை வாசித்தார். இரண்டு இடத்தில் பிழைவிட்டார். ஆனாலும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

தேநீர் வேளையில் அன்ரியிடமே போய்க் கேட்டேன். "யார் போன் எடுத்தது?"

"என் தம்பி. மூன்று கிழமையாக அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய ஊரில் சண்டை நடக்கிறது."

"என்ன சொன்னார்?"

"இங்கே வெயிலா மழையா என்று கேட்டான்," என்று சொல்லிவிட்டு அன்ரி சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். வெயிலா மழையா என்று சொல்லவா மேடையிலிருந்து எழுந்து போனார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

காரில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன். "அடுத்த வரியை மறந்திட்டீங்கள், என்ன?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, மறந்திட்டன்."

அம்மாவும் ஊரில் சண்டை நடந்த காலத்தில் தன் அண்ணனின் ஒரு போனுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த பயிற்சிக்கு முன் அவருடைய இசைத்தாளில், அந்த நாலு வரி முடியும் இடத்தில், இனி மறக்கக்கூடாது என்று சிவப்புப் பேனாவால் பெரிய அம்புக்குறி ஒன்று போட்டுக் கொடுத்தேன். அம்மா என் தலையைத் தடவி வாங்கிக்கொண்டார்.