கவிதைச் சீட்டில் நாலாவது ஆள்

கவிதைப் பிரியர்களை உயர்வாகப் பேசுகிறவர்கள் யாரும் அவர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் வாங்கியிருக்கிறேன். அறுபதுகளில், கடலூரில், மாதம் தவறாமல்.

ஊரில் ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு என்று ஏகப்பட்ட சீட்டுகள் நடந்தன. நாங்கள் நாலு பேர் கவிதைச் சீட்டு நடத்தினோம். எல்லோரும் பங்கு போட்டு மாதம் ஒரு கவிதைப் புத்தகம் வாங்குவோம். ஆளுக்கு ஒரு வாரம் வைத்துப் படிக்கலாம். யார் முதல், யார் கடைசி என்பதைப் பேரெழுதிக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம். முதல் ஆளுக்குப் புதுப் புத்தகத்தைத் திறக்கும் யோகம். கடைசி ஆளுக்குப் புத்தகமே சொந்தம், அவருக்குப் பிறகு கேட்க ஆளில்லை என்பதால். குறை சொல்ல முடியாத ஏற்பாடுதான். குறை சொல்ல முடியாத ஏற்பாடுகளில்தான் யாராவது ஒருவர் வசமாக மாட்டிக்கொள்வார்கள். இதில் மாட்டிக்கொண்டது நான்.

மற்ற மூவரில் ஒருவர் என் தாய்மாமா, கலெக்டர் ஆபீசில் ஹெட் கிளார்க். இன்னொருவர் முதுநகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். மூன்றாமவர் சிதம்பரத்தில் தமிழ் வாத்தியார். புத்தகக் கடை அந்த ஊரில் நன்றாக இருந்ததால் வாங்கி வருவது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் கடை மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே கூடுவோம். டீ வரும், சமோசா வரும். மாமா இருந்ததால்தான் ஒரு பெண் அங்கே போய் உட்கார முடிந்தது. அதற்காக நான் அவருக்கு நன்றியோடுதான் இருந்தேன்.

தனியாகவே வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். அந்தக் காலத்தில் அது கொஞ்சம் திமிரான காரியம். கதைப் புத்தகம் லைப்ரரியில் கிடைக்கும். தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்துகொள்ளலாம். கவிதைப் புத்தகத்தைத் தனி ஆள் வாங்குகிறார் என்றால் யாருக்கோ கல்யாணம் என்று அர்த்தம். பரிசாகக் கொடுப்பவரும் படிக்க மாட்டார், வாங்கிக்கொண்ட மாப்பிள்ளையும் படிக்க மாட்டார். என் சம்பளமோ வாங்கிய அன்றே மாமியார் கைக்குப் போய்விடும். சீட்டுப் பங்கு மட்டும் மாமா பேச்சுக்குக் கட்டுப்பட்டு எனக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது.

எனக்கு மஞ்சக்குப்பம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சுக்கு வழிவிடுவதுதான் நாள் முழுக்க. நெல்லிக்குப்பம் ஆலையிலிருந்து மெட்ராசுக்கு டிரங்க் கால், துறைமுகத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து அவசரக் கால், இடையில் லைன் கிடைக்கவில்லை என்று திட்டுகிறவர்கள். என் முகம் தெரியாது என்பதால் தாராளமாகத் திட்டுவார்கள். டியூட்டி முடிந்து ஹெட்செட்டைக் கழற்றினாலும் இரைச்சல் காதை விட்டுக் கழலாது. வீட்டுக்கு வந்தால் மாமியார், இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் துறைமுகத்து வேலை முடிந்து வந்து ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிடுவார். என் காதுக்கு ஓய்வு கொடுத்த ஒரே மனிதர் அவர்தான்.

கவிதை எனக்குப் பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பக்கத்தில் எழுத்து கொஞ்சமாக இருக்கும், வெள்ளை நிறைய இருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்தாலே எனக்கு மூச்சு ஆறும். ஆனால் நாலாவது வாரம் என் கைக்கு வரும் புத்தகத்தில் வெள்ளை எங்கே மிச்சமிருக்கும்? மாமா சிவப்பு நீலப் பென்சிலும் கையுமாகத்தான் படிப்பார். ஃபைல் பார்த்த பழக்கம். ‘நன்று’ என்று ஓரிடத்தில் இருக்கும், ‘ஏற்கலாம்’ என்று இன்னோரிடத்தில் இருக்கும், காதலி பிரிந்துபோகும் இடத்தில் ‘விளக்கம் தேவை’ என்று இருக்கும். வாத்தியார் மையால் பிழை திருத்தி, ஒவ்வொரு கவிதைக்கும் அடியில் மார்க்கும் போட்டுவிடுவார். பாய் பென்சிலைத் தொட மாட்டார். பிடித்த பக்கத்தின் மூலையை மட்டும் மடிப்பார். அவருக்கு எல்லாப் பக்கமும் பிடிக்கும். மலாயாவில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதும்போது அதிலிருந்து நாலு வரி எடுத்து எழுதுவார், அப்போது சிந்திய டீயும் கூடவே வரும். போதாததற்கு, என் வாரம் வருவதற்குள் மூவரும் நல்ல வரிகளையெல்லாம் மாடியில் உரக்கச் சொல்லி ஆஹா போட்டு முடித்திருப்பார்கள். எக்ஸ்சேஞ்சில் கேட்டது போதாதென்று புத்தகத்திலும் மூன்று பேர் குறுக்கே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சில புத்தகங்கள், அச்சடித்த பெரிய தாளை மடித்துத் தைத்தபடியே, பக்கத்தின் மேல் மடிப்பு வெட்டாமலேயே வரும். படிக்கிறவர்தான் பிளேடால் கீறித் திறந்துகொள்ள வேண்டும். எனக்கு இருந்த ஆசை அதுதான். ஒரே ஒரு தடவை, யாரும் திறக்காத புத்தகத்தை நான் திறக்க வேண்டும். இது நல்ல கவிதை, இது சுமார் என்று யாரும் சொல்வதற்கு முன்னால், எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரிய வேண்டும். ஆனால் பாய் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கும்போதெல்லாம் என் பேர் கடைசியில்தான் வரும்.

“தங்கச்சிக்குத்தான் அல்லா அலமாரிய ரொப்புறான்” என்பார் பாய். மாமாவுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. புத்தகங்கள் ஜாஸ்தியாகச் சேர்ந்தது என் வீட்டில்தான். அலமாரியைப் பார்க்கிறவர்கள் என்னைப் பெரிய ரசிகை என்று நினைப்பார்கள். எனக்கு அலமாரி வேண்டாம், ஒரு புதுப் பக்கம் போதும் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

ஒரு ஐப்பசியில் என் பேர் முதலில் வந்துவிட்டது. “பாருய்யா, நம்ம பொண்ணுக்கு மொத சீட்டு!” என்று மாமா கை தட்டினார். பழுப்புத் தாள் சுற்றிய புத்தகம், மடிப்பு வெட்டாதது. முந்தானைக்குள் வைத்து எடுத்துப்போனேன். வழியில் ஒரு புது பிளேடு வாங்கினேன்.

அந்த வாரம் பார்த்து மழை கொட்டியது. பாதி லைன்கள் விழுந்துவிட்டன. கூட வேலை பார்த்தவர்களில் இருவரால் வர முடியவில்லை. எனக்கு டபுள் டியூட்டி. வீட்டில் விறகு ஈரம், சின்னவனுக்குக் காய்ச்சல், மாமியாருக்கு முழங்கால் வலி. அரைமணி, கால்மணி என்று நேரம் கிடைக்காமல் இல்லை. மற்றவர்கள் படித்துக் கழித்த புத்தகம் என்றால் குழம்பு கொதிக்கும்போதே நாலு பக்கம் தள்ளியிருப்பேன். இதை அப்படிப் படிக்க மனம் வரவில்லை. இதற்கு உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் பிளேடைக் கையில் எடுப்பேன், அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போவேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஒரு மடிப்புகூட வெட்டவில்லை.

“என்னாம்மா, எப்பிடி இருக்குது புஸ்தகம்? மொத ஆளு நீதான் சொல்லணும்” என்றார் மாமா.

“படிக்கல மாமா.”

“படிக்கலியா? ஒரு வாரமா கையிலதான வெச்சிருந்த?”

“மழை மாமா. டபுள் டியூட்டி. இன்னும் ஒரு வாரம் குடுங்க.”

“அப்புறம் மத்தவங்க முறை என்னாவறது?” என்றார் மாமா. ஆபீஸ் குரல் வந்துவிட்டது.

அப்போதுதான் பாய்க்கு என்மேல் இரக்கம் வந்தது. “தங்கச்சி பாவங்க. வேலைக்கும் போயிக்கிட்டு, வூட்டையும் பாத்துக்கிட்டு, அவுங்க எப்ப படிப்பாங்க? இனிமே அவுங்களுக்குக் குலுக்கலே வாணாம். நாம மூணு பேரும் படிச்சிட்டுக் கடைசியா அவுங்ககிட்ட குடுத்துடுவோம். மாசக்கணக்கா வெச்சுப் படிக்கட்டும். புஸ்தகமும் எப்பவும் அவுங்களுக்கே. என்னா சொல்றீங்க?”

வாத்தியார் தலையாட்டினார். அவரும் புத்தகத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமையை அந்த நிமிஷமே விட்டுக்கொடுத்தார். மூன்று பேருக்கும் அது சின்ன விஷயமில்லை. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியாம்மா, எவ்ளோ பெரிய மனசு!” என்றார்.

நான் “சரிங்க மாமா” என்றேன். வேறு எதையும் சொல்லத் தெம்பில்லை.

மாமா புத்தகத்தை வாங்கி, பிளேடு தேடாமல், ஆள்காட்டி விரலை மடிப்புக்குள் விட்டுச் சரக்கென்று இழுத்தார். தாள் பல்லுப்பல்லாகக் கிழிந்தது. பாய் கடையில் நாள் முழுக்கத் துணி கிழிபடும் சத்தம் கேட்கும், அது என்னை ஒன்றும் செய்ததில்லை. இந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். கெட்டவர்களாக இருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம். நல்லவர்களை என்ன செய்வது? மஞ்சக்குப்பம் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோர்மேலும் கோபப்பட்டேன், முக்கியமாக என்மேல்.

அதற்குப் பிறகு புத்தகங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பங்கும் ஒழுங்காகக் கட்டினேன். வந்ததை அலமாரியில் செருகுவதோடு சரி. மூன்று பேரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ‘மெதுவா படிம்மா’ என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள்.

மாசி வாக்கில், வார ஓய்வு நாள் ஒன்றில் பாசஞ்சர் ஏறிச் சிதம்பரம் போனேன். கோயிலுக்கு என்றுதான் வீட்டில் சொன்னேன். சிதம்பரம் போகிறவளை வேறெதற்கு என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஸ்டேஷனிலிருந்து நேராக மேலவீதிப் புத்தகக் கடைக்கு நடந்தேன்.

கடையில் காலேஜ் மாணவர்கள் வரிசையாக நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பு வெட்டாத புத்தகத்தை வாங்காமல் வெட்ட முடியாது. அதனால் பக்கத்தைக் குழாய்போல் வளைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக் கவிதையைப் படித்தார்கள். அலுப்பையும் மீறிச் சிரிப்பு வந்தது எனக்கு. கடைக்காரருக்கு வரவில்லை. “வாங்குறவன் படிக்க மாட்டேங்கறான், படிக்கிறவன் வாங்க மாட்டேங்கறான். ரெண்டு பேரையும் வெச்சிக்கிட்டு நான் பொழைக்கணும்” என்றார்.

நான் ஒரு புத்தகத்தைக் காட்டினேன்.

“கல்யாணத்துக்கா? ஜிகினாத் தாள் சுத்தித் தரட்டுமா?”

“படிக்கிறதுக்குங்க.”

“சாருக்கா?”

“எனக்கு.”

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேலே இருந்ததை விட்டு, கட்டின் அடியிலிருந்து யாரும் வளைக்காத பிரதி ஒன்றை உருவிக் கொடுத்தார். பஸ் காசில் மிச்சம் பிடித்திருந்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் வாத்தியார், குடையை மடக்கிக்கொண்டு.

“அட, நீயாம்மா! நானும் சீட்டுக்குத்தான் வந்தேன்” என்றார். கையிலிருந்ததை எட்டிப் பார்த்தார். “இதுவா? நல்லா இருக்குதுன்னு பேசிக்கிறாங்க. இந்த மாசத்துக்கு இதையே வெச்சிக்கலாம். எனக்கு ஒரு வேலை மிச்சம். குடு, ஞாயித்துக்கெழம நானே எடுத்தாறேன்.”

“இது சீட்டுக்கு இல்லீங்க. என்னோடது.”

“உன்னோடதுதாம்மா, யாரு இல்லேன்னா? கடைசியில உங்கிட்டதான வரப்போவுது?”

கை நீட்டியபடியே நின்றார். முகத்தில் அவ்வளவு பிரியம். ‘சரிங்க’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. காலையில் எழுந்து சமைத்து, ரயிலில் நின்று, வெயிலில் நடந்து வந்த உடம்பு. விளக்கிச் சொல்வதைவிடக் கொடுத்துவிடுவது எவ்வளவோ சுலபம். இத்தனை வருஷமும் நான் அப்படித்தானே எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தேன்?

“கடைசியில வாணாங்க. எனக்கு மொதல்ல வேணும்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் குடையைத் தடவினார். “அப்ப சீட்டு என்னாவறதும்மா?”

“வேற ஆளு பாத்துக்குங்க.”

மாணவர்கள் கண்ணைப் புத்தகக் குழாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நான் அவரைத் தாண்டி இறங்கி நடந்தேன்.

ஸ்டேஷனில் வண்டிக்கு நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டை ஊசியை உருவி முதல் மடிப்பைக் கீறினேன். பக்கம் வெள்ளையாகத் திறந்தது. நிலா, ஆறு, அதில் ஒரு ஓடம். இரண்டு முறை படித்தேன். சுமார்தான். அடுத்தது அதைவிட மோசம். யாரும் சொல்லவில்லை, நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணில் நீர் கொட்டியது.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் பதறிவிட்டாள். “என்னாம்மா, எதுனா கெட்ட சேதியா?”

“இல்லீங்க, கவிதை. நல்லாவே இல்ல” என்று சொல்லிவிட்டு, அடுத்த மடிப்பைக் கீறினேன்.