சர்வர் அக்காவும் முதல் அறிக்கையும்

எங்கள் கார்ட்டூன் நிறுவனத்தில் என் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சர்வர் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, எந்த ஓட்டல் என்று அம்மாவிடம் விசாரித்தது தனிக்கதை. ஐம்பது பேர் வரைகிற படங்கள் மொத்தமும் அவள் பார்த்துக்கொண்ட ஒரே லினக்ஸ் சர்வரில் இருந்தன. எங்கள் கணினிகளில் எதுவும் தங்காது. படத்தை நெட்வொர்க் வழியாக எடுப்போம், முடித்ததும் அங்கேயே வைப்போம். நான் வண்ணம் தீட்டுகிறவள். கேபிளும் சுவிட்சும் என் கணவர் பொறுப்பு. அவரை அங்கே சேர்த்துவிட்டதே அக்காதான்.

சென்ற மாதம் படங்கள் திறக்க அரை நிமிடம் பிடித்தது. ஆளுக்கு ஆள் முணுமுணுத்தார்கள். சர்வர் மெதுவா, நெட்வொர்க் பழுதா என்பதுதான் கேள்வி. சர்வரென்றால் அக்காவுக்கு, நெட்வொர்க்கென்றால் என் கணவருக்கு வேலை போகும் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்காவின் பதினொரு வருட உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

கோளாறு எதில் என்று கண்டுபிடிக்கக் கணினியில் தட்டும் ஒரு கட்டளை உண்டு. கணினி கேட்டது எத்தனை, பதில் வர எவ்வளவு நேரம், பதில் வராமல் மறுபடி கேட்டது எத்தனை என்று எண்களாகக் கொட்டும். மறுபடி கேட்டது கூடினால், சர்வரும் சும்மா இருந்தால், கோளாறு வழியில், அதாவது நெட்வொர்க்கில். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து அக்கா என் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல வர்ற அறிக்கையை நம்பாதீங்க மாப்ள. அது ஆபீஸ் கம்ப்யூட்டரை சர்வரோட இணைச்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் சேர்த்த சராசரி. நேத்து நடந்த கோளாறு அதுல கரைஞ்சு போயிடும். அதுக்கப்புறம் அஞ்சு செகண்டுக்கு ஒண்ணு வருது பாருங்க, அதுதான் இப்போதைய நிலவரம்."

"புரிஞ்சிடுச்சுக்கா," என்றார் அவர். நன்றாகவே புரிந்திருக்கிறது.

மேலாளர் அறையில் என் கணவர் ஒரே ஒரு தாளை நீட்டினார். முதல் அறிக்கை மட்டும். மறுபடி கேட்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்ற இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். "வழியில எதுவும் தொலையல சார். சர்வர்லதான் ஏதோ."

வரைகிறவர்கள் சார்பில் புகார் சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். அக்கா தாளைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "இது இணைச்ச நாள்லேருந்து மூணு மாசச் சராசரி சார். அடுத்த அறிக்கையில நூத்துக்கு அஞ்சு தடவை மறுபடி கேட்டிருக்கு. சர்வர் டிஸ்க் சும்மாதான் இருக்கு." தன் தாளை வைத்தாள்.

மேலாளருக்கு இரண்டு தாளும் ஒன்றுதான். அவர் என் கணவரைப் பார்த்தார்.

"முதல் அறிக்கை, ரெண்டாவது அறிக்கைன்னு வித்தியாசம் இருக்கிறதா எனக்குத் தெரியாது சார்," என்றார் என் கணவர். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நான் சொல்லிக் கொடுத்தப்ப நீயும் பக்கத்துலதானே இருந்த?"

உண்மையைச் சொன்னால் என் வீட்டில் அடுப்பு எரியாது, அவர் முகத்தில் விழிக்க முடியாது என்று எத்தனையோ கணக்குப் போட்டேன். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

"ஞாபகம் இல்லக்கா."

அக்கா தன் தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை போன மறுவாரம், இடுக்கில் நசுங்கிக் கிடந்த ஒரு கேபிளை என் கணவர் சத்தமில்லாமல் மாற்றினார். படங்கள் உடனே திறந்தன. அக்கா இடத்துக்கு வந்த புதியவரை மேலாளர் எல்லோர் முன்னும் பாராட்டினார். நானும் கை தட்டினேன்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"படம் இப்ப சீக்கிரமா திறக்குதா?"

"திறக்குதுக்கா."

"சரி" என்று வைத்துவிட்டாள். எதை மாற்றினார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தடவையாவது சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.