டொராண்டோவில் மைனஸ் ஒன்பது

பொங்கல் தள்ளுபடியில் போன் வாங்கக் கணபதிப் பகுதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கேமரா, பேட்டரி, மெமரி, விலை என்று கையில் பட்டியல் இருந்தது. பக்கத்தில் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். சட்டையில் பட்டறை எண்ணெய்க் கறை. எந்தப் போனைக் கொடுத்தாலும் திரையைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, வானிலை ஆப்பை மட்டும் திறந்து பார்த்தார்.

"லொகேஷன் ஆன் பண்ணுனா, நீங்க இருக்கிற ஊரை அதுவே கண்டுபிடிச்சிருமுங்க" என்றார் விற்பனையாளர்.

"நான் இருக்கிற ஊரு எனக்குத் தெரியுமுங்க. டொராண்டோ வருமுங்களா?"

விற்பனையாளர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். நான் அந்தப் போனை அவர் கையிலிருந்து வாங்கி, டொராண்டோவைத் தேடி முகப்பிலேயே வைத்துக் கொடுத்தேன். மைனஸ் ஒன்பது, பனி என்று காட்டியது.

"அங்க யாருங்க இருக்காங்க?"

"எம் பொண்ணுதானுங்க அம்மணி. அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணுனா. நானும் வெடுக்குனு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன். பேச்சு நின்னு நாலு வருசமாச்சுங்க."

"இப்பக் கூப்பிடலாமுங்களே?"

"நம்பரை மாத்திப்போட்டா. பழைய போன்லயும் இந்த ஊருதான் வெச்சிருந்தேன். காலைல எந்திரிச்சதும் குளுரு எப்படின்னு பாத்துக்குவேன்."

அதையே வாங்கிக்கொண்டு கிளம்பினார். அவள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேறு ஊருக்குக் குடிபோயிருந்தால் அவருக்குச் சொல்ல யாருமில்லை.