லுக்குட் கோட்டையில் கண்ட மச்சான்

மலாயாவில் சுவாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன் வீரமுத்து. கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட எமர்ஜென்சியின் இரண்டாம் வருடம், துரை அவன் கையில் ஒரு ரைபிளைக் கொடுத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆக்கிவிட்டார். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகாதபடி கேட்டில் நின்று சோதிக்க வேண்டும். கூட மரம் வெட்டிய பெண்களின் தூக்குச்சட்டிகளைத் திறந்து பார்க்கும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கமாட்டான்.

அவன் மனைவி மாரியம்மாவின் அண்ணன் முருகையா அந்தக் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் இருந்தான். தொழிற்சங்கத்தில் முன்னால் நின்றவன். சங்கத்தாரைப் பிடிக்கத் தொடங்கியதும் ஓடிப்போனவன். அவனைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி விசுவலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பென்சன் எடுத்து ஊருக்குக் கப்பலேறுமுன் லுக்குட் மலைக்கோட்டையைப் பார்த்துவிட வேண்டும் என்று துரையிடம் அனுமதி வாங்கினார். துணைக்கு வீரமுத்துவை அனுப்பினார்கள்.

காரை அடிவாரத்தில் விட்டு ஏறினார்கள். மேலே லாலாங் புல்லும் புதரும்தான்.

“கோட்டை எங்கங்கய்யா?”

“நீர் நிக்கிறதுதான் கோட்டை” என்று சிரித்தார் கிராணி. மண்மேட்டையும், செம்பாறைக் கற்களையும், சுற்றி ஓடிய அகழியையும் பிரம்பால் காட்டினார். “கீழை முழுக்க ஈயச் சுரங்கம். சீனத் தொழிலாளர் கனபேர். ஒருநாள் அவை எழும்பி, ஆண்ட ராசகுடும்பத்து ஆக்களை வெட்டிப்போட்டினம். பிறகு வந்த ராஜா மலையிலை ஏறியிருந்து, பீரங்கி வச்சு, ஈயத்துக்கு வரி வாங்கினவர். அவர் போன பிறகு இடம் கைமாறி, காடு மூடிப்போட்டுது.”

“வெட்டுனவங்க என்ன ஆனாங்க?”

“ஆருக்குத் தெரியும்? புத்தகத்திலை ராஜாவின்ரை பேர்தான் கிடக்கு.”

அப்போது அகழிக்குள் புல் அசைந்தது. வீரமுத்து ரைபிளை நிமிர்த்தினான்.

“மச்சான், சுட்றாத. முருகையா.”

எலும்பும் தோலுமாக, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒருவன் எழுந்தான். 

“துப்பாக்கி எங்க?” என்றான் வீரமுத்து.

“இல்ல. கூட்டத்த விட்டு வந்துட்டேன். மரவள்ளியப் புடுங்கித் தின்னுக்கிட்டு இங்கயே கெடக்குறேன், காய்ச்சல் வேற. ரோட்டுக்குப் போனா பட்டாளத்தான் சுட்டுருவான்னு பயம். தமிழ்ப் பேச்சு கேட்டுச்சு, அப்புறம் உன் குரல்னு தெரிஞ்சுச்சு.” “தங்கச்சி எப்படி இருக்கு?” என்றான்.

 வீரமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கைகளைக் கட்டினான். “கையக் கட்டியிருந்தாத்தான் சுடமாட்டானுங்க. பேசாம வா.”

கிராணிதான் கார் ஓட்டினார். முச்சந்தியில் பட்டாளத்துக்காரர்கள் மறித்துத் துப்பாக்கியை நீட்டினார்கள்.  கிராணி கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, இவன் தானாகச் சரணடைய வந்தவன் என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வீரமுத்துவைப் பார்த்து, இவனைத் தெரியுமா என்று கேட்டார். “என் சம்சாரத்தோட அண்ணன்” என்றான் வீரமுத்து. அந்த ஒரு வார்த்தையால் அவனையும் உள்ளே வைத்தார்கள். முன்பே பேசிவைத்துச் சந்தித்தாயா, எத்தனை தடவை அரிசி கொடுத்தாய் என்று மாறி மாறிக் கேட்டார்கள். விசுவலிங்கம் கப்பல் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி சாட்சி சொன்னார். அதன் பிறகே வெளியே விட்டார்கள்.

வீட்டில் மாரியம்மா வாசலில் நின்றாள். “எங்கண்ணன மாடு மாதிரி கட்டி இழுத்துக்கிட்டுப் போனியாமே?”

“கட்டலேன்னா உயிரோட போயிருக்க மாட்டான்லா.”

“இப்பத் தூக்குல போட்டுருவானுங்களே. அவிழ்த்து விட்டிருந்தா காட்டுக்குள்ளயாவது உயிரோட இருந்திருப்பான்.”

காய்ச்சலில் கிடந்தவன் இன்னும் இரண்டு வாரம்கூடத் தாங்கியிருக்கமாட்டான் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தைப்பூசம் வரைக்கும் சரியாகப் பேசவில்லை.

துரை ரைபிளைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, “வேணாங்க தொரை, மரத்துக்கே போறேன்” என்று வீரமுத்து பால் வெட்டும் தன் பழைய மரநிரைக்குப் போய்விட்டான்.

முருகையாவைச் சில வருடங்கள் அடைத்துவைத்து விடுதலை செய்தார்கள். தோட்டத்துக்குத் திரும்ப அனுமதியில்லை. சிரம்பான் பட்டணத்து லோபாக் பகுதியில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மாரியம்மாவை அழைத்துக்கொண்டு வீரமுத்து பஸ்ஸில் போய்ப் பார்த்தான். அண்ணனும் தங்கையும் அழுது முடிக்கிற வரைக்கும் கடைக்கு வெளியே நின்றான். பிறகு முருகையா வந்து, “உள்ள வா மச்சான், தேத்தண்ணி ஆறுது” என்று அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனான்.